நல்ல ஊழியக்காரர் என்று யாரைச் சொல்வது? ஆவிக்குரிய தலைமை பற்றி ஓர் எளிய விளக்கம்

சேலத்தில் ஒரு சபையைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டாவது வாக்கியத்துக்குள் தலை எண்ணிக்கை வந்துவிடும். "ஞாயித்துக்கிழமை மூணு ஆராதனை, உட்கார இடமில்ல." "பாஸ்டர் பேசினா அழாம வெளிய வர முடியாது." "அவர் கை வெச்சு ஜெபிச்சா காய்ச்சல் பறந்துடும்." இதையெல்லாம் சேர்த்துப் பிசைந்து "அருமையான ஊழியக்காரர்" என்று ஒரு பட்டம் கொடுத்துவிடுகிறோம். சில வருடம் கழித்து ஏதாவது வெளியே வரும்போது, "இப்படிப் பண்ணுவார்னு நெனைக்கவே இல்லையே" என்று அதே வாயால் சொல்கிறோம்.

நினைக்காமல் போனதற்குக் காரணம் உண்டு. பேச்சுத் திறமை, கூடுகிற கூட்டம், உண்மை ஆகிய மூன்றையும் ஒரே பொருளாக எடுத்துக்கொள்கிறோம். முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது எளிதில் தெரியாது. அதனால் தெரிவதை வைத்துத் தெரியாததை ஊகித்துவிடுகிறோம்.

இந்தக் கட்டுரை சபைக்குப் புதியவர்களுக்கும், வாலிபர் சங்கத்திலோ ஞாயிறு பள்ளியிலோ முதல்முறையாகப் பொறுப்பு ஏற்றிருப்பவர்களுக்கும். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று நீங்கள் எந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். தொடங்குமுன் இரண்டு சொற்கள். ஊழியம் என்பது கடவுளுடைய பெயரில் பிறருக்காகச் செய்யும் பணி. ஆவிக்குரிய தலைமை என்பது அந்தப் பணியில் மற்றவர்களுடைய விசுவாச வாழ்க்கையை நடத்தும் பொறுப்பு. பாஸ்டர், ஆயர், பங்குத்தந்தை மட்டுமல்ல, பாடகர் குழுவை நடத்துகிற அக்காவும் இதில் அடக்கம்.

தோட்டம் யாருடையது?

ஏற்காட்டு மலையில் காப்பி எஸ்டேட் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில், 1820களில், சேர்வராயன் மலையில் காப்பி கால் வைத்தது. முதலாளி ஓரிடம், தோட்டம் ஓரிடம் என்கிற ஏற்பாடு இன்றும் பல எஸ்டேட்களில் உண்டு. முதலாளி சேலத்திலோ சென்னையிலோ இருப்பார். மலையில் இருந்து நடத்துபவர் மேனேஜர். அவருக்குக் கீழே ரைட்டர், மேஸ்திரி. எந்த வயலில் களை எடுப்பது, எப்போது கவாத்து செய்வது, எந்த நிழல் மரத்தைக் கழிப்பது, யாருக்கு எத்தனை நாள் வேலை என்பதெல்லாம் மேனேஜர் வாயில் இருக்கிறது. தொழிலாளிக்கு அவர்தான் முதலாளி மாதிரி. ஆனால் ஒரு செடிகூட அவருடையது இல்லை.

இப்படிப்பட்ட மேனேஜர் ஒருவர், அடுத்த வருடமே பெரிய மகசூல் காட்டிப் பெயர் வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கு வழி இருக்கிறது. நிழல் மரங்களை அளவுக்கு மேல் வெட்டித் தள்ளினால் வெயில் உள்ளே இறங்கும். செடி ஓரிரு வருடம் காய்த்துக் குலுங்கும். வெட்டிய சில்வர் ஓக்கும் காசாகும். கணக்கைப் பார்க்கும் முதலாளிக்கும் மகிழ்ச்சி. பக்கத்துத் தோட்டக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் வெயில் பட்ட அராபிகா தண்டைத்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்கிற வண்டு தேடி வரும். பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். புழு தண்டுக்குள்ளேயே குடைந்துகொண்டு போகும். அத்தனை நாளும் மேலே இலை பச்சையாகவே இருக்கும். இலை மஞ்சளாகி வாடுகிற கட்டத்தில், செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர செய்வதற்கு அதிகம் இல்லை.

அதே மலையில் இன்னொரு மேனேஜர். மகசூல் நடுத்தரம். நிழலைக் காக்கிறார். பழுத்த பழத்தை மட்டும் பறிக்கச் சொல்கிறார், பச்சைக் காயை உருவி எடைக்கு ஏற்ற விடுவதில்லை. கூலி தள்ளிப்போவதில்லை. கணக்கு நோட்டு மேசை மேலேயே கிடக்கிறது. முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் ஜீப்பில் வந்து இறங்கினால் இந்த இருவரில் யாருக்கு வியர்க்கும் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு மகசூல் கணக்கில் பதில் கிடையாது.

உக்கிராணக்காரன் என்கிற வேலை

வேதாகமம் தலைமையைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் இந்த மேனேஜர் இடத்தில்தான் ஆளை நிறுத்துகிறது. இன்னொருவருடைய வீட்டையும் பொருளையும் ஆட்களையும் அவர் சார்பில் பார்த்துக்கொள்கிறவருக்கு அதில் உக்கிராணக்காரன் என்று பெயர். கொரிந்து என்ற ஊரின் சபைக்கு எழுதும்போது அப்போஸ்தலரான பவுல் தன்னையும் உடன் ஊழியரான அப்பொல்லோவையும் இந்தப் பெயரால்தான் அழைத்துக்கொள்கிறார். அந்தப் பதவிக்கு அவர் கேட்கிற தகுதியும் ஒன்றே ஒன்று: உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனாகக் காணப்பட வேண்டும் (1 கொரிந்தியர் 4:2). வெற்றி பெற்றவனாக என்றோ புகழ் பெற்றவனாக என்றோ அவர் எழுதவில்லை.

உண்மை என்றால் இங்கே பொய் சொல்லாமை மட்டும் அல்ல. ஒப்படைத்தது எனக்குச் சொந்தமில்லை என்பதை ஒரு நாளும் மறக்காமல் நடந்துகொள்வது. லூக்கா 12ஆம் அதிகாரத்தில் இயேசு இதைச் சிறு கதையாகவே சொல்கிறார். எஜமான் ஊரில் இல்லை. ஒரு வேலைக்காரனை மற்ற வேலைக்காரர்கள் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நல்ல வேலைக்காரன் செய்வது என்ன? அவரவருக்கு உரிய படியை உரிய நேரத்தில் கொடுக்கிறான். அவ்வளவுதான். கெட்டவன் என்ன செய்கிறான்? எஜமான் வர நாளாகும் என்று கணக்குப் போட்டு, உடன் வேலைக்காரரை அடிக்கிறான், தின்று குடித்து வெறிக்கிறான்.

இந்தக் கதையில் அந்த ஆளின் திறமையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவனுக்குக் கீழே இருந்தவர்களுக்குச் சாப்பாடு கிடைத்ததா, அடி கிடைத்ததா என்று மட்டுமே கேட்கப்படுகிறது. ஒரு தலைவரைப் பற்றி விசாரிக்க நினைக்கிறவர்கள் மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களை விட்டுவிட்டு, அவருக்கு வண்டி ஓட்டுகிறவரிடமும் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற பெண்ணிடமும் பேசிப் பார்ப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

இதுவரை சொன்னது இது: தலைவர் உரிமையாளர் இல்லை, பொறுப்பாளர். மக்கள், பணம், வசனம், மேடை எல்லாமே இன்னொருவருடையவை. மற்ற குணங்கள் எல்லாம் இந்த ஒரு புள்ளியிலிருந்துதான் கிளைக்கின்றன.

வரம் வேறு, கனி வேறு

நம் ஊரில் மிக அதிகமாகக் குழம்புகிற இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வரம் என்பது ஊழியம் செய்வதற்காகக் கொடுக்கப்படும் ஆற்றல். பேசுவது, கற்றுக்கொடுப்பது, நிர்வகிப்பது, நோயாளிக்காக ஜெபிப்பது போன்றவை. கனி என்பது ஒருவருடைய சுபாவத்தில் காலப்போக்கில் விளைகிற மாற்றம். அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் என்று கலாத்தியர் 5ஆம் அதிகாரம் ஒன்பதைச் சொல்கிறது. வரம் ஒரே நாளில் கிடைத்துவிடலாம். கனிக்கு வருடங்கள் ஆகும். வரம் மேடையில் தெரியும். கனி வீட்டுச் சமையலறையிலும், மீட்டிங் முடிந்து எல்லாரும் களைத்துப்போன இரவு பதினொரு மணிக்கும் தெரியும்.

வரம் இருந்தால் கனியும் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வேதம் அப்படிச் சொல்லவே இல்லை. கொரிந்து சபை எந்த வரத்திலும் குறைவில்லாதது என்று 1 கொரிந்தியர் முதல் அதிகாரத்திலேயே பவுல் ஒப்புக்கொள்கிறார். அதே அதிகாரத்தில், அவர்களுக்குள் கோஷ்டிச் சண்டை என்றும் எழுதுகிறார். மூன்றாவது அதிகாரத்துக்கு வரும்போது அவர்களைக் குழந்தைகள் என்றே சொல்லிவிடுகிறார். அபார பலம் வரமாகக் கிடைத்த சிம்சோனின் கதை இன்னும் கசப்பானது. அவனுடைய வாழ்க்கை உள்ளே சரிந்துகொண்டிருந்த வருடங்களிலும் பலம் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. பலம் இருக்கிறவரை எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவனும் நம்பினான். கர்த்தர் தன்னை விட்டு விலகினது அவனுக்கே தெரியவில்லை என்று நியாயாதிபதிகள் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. மத்தேயு 7ஆம் அதிகாரத்தில், உமது நாமத்தினால் பிசாசுகளைத் துரத்தினோமே, அற்புதங்கள் செய்தோமே என்று வருகிறவர்களுக்கு இயேசு சொல்லும் பதில், உங்களை எனக்குத் தெரியாது என்பது. அவர்கள் அற்புதம் செய்யவில்லை என்று அவர் சொல்லவில்லை.

நம் காலத்தில் நடந்தது ஒன்று. சென்னையில் பிறந்து, கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதாடுகிறவர் என்று உலகம் முழுக்கப் பெயர் பெற்றவர் ரவி சகரியாஸ். பல்கலைக்கழக அரங்குகளில் அவர் பதில் சொல்லும் அழகைக் கேட்டு விசுவாசத்துக்கு வந்தவர்கள் ஏராளம். 2020 மே மாதம் அவர் இறந்தார். அவருடைய அமைப்பே அமர்த்திய சட்ட நிறுவனம் 2021 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கை, பல பெண்களிடம் அவர் பாலியல் ரீதியாக அத்துமீறி நடந்துகொண்டதை உறுதி செய்தது. அவர் உயிரோடிருந்தபோதே, 2017இல், ஒரு பெண்ணின் குற்றச்சாட்டு வெளியே வந்திருந்தது. அப்போது அமைப்பு அவர் பக்கமே நின்றது. பின்னால் நிர்வாகக் குழு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

அவருடைய பேச்சுத் திறமை போலி என்று யாரும் சொல்லவில்லை. நிஜமான திறமைதான். அது நிஜமாக இருந்ததாலேயே, இவ்வளவு நல்ல பேச்சாளர் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று கூட இருந்தவர்கள் முடிவு கட்டினார்கள். வரத்தை வைத்துக் கனியை ஊகித்த கணக்கு இதுதான். தோட்டத்தில் இலை பச்சையாக இருந்தது.

பவுல் எழுதிய தகுதிப் பட்டியல்

ஆதிச் சபைகளில் மூப்பர் அல்லது கண்காணி என்று ஒரு பொறுப்பு இருந்தது. சபையை மேற்பார்வை செய்கிறவர் என்று பொருள். அந்தப் பொறுப்புக்கு எப்படிப்பட்டவரை எடுக்க வேண்டும் என்று 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரத்திலும் தீத்து 1ஆம் அதிகாரத்திலும் பவுல் பட்டியல் தருகிறார். வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரமாக அதைப் படித்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். தெளிந்த புத்தி, விருந்தோம்பல், பொறுமை, சண்டை பண்ணாத குணம், பண ஆசை இல்லாமை, மது விஷயத்தில் அடக்கம், சொந்தக் குடும்பத்தை நன்றாக நடத்துவது, வெளியாரிடமும் நல்ல பெயர். இத்தனைக்கும் நடுவே தொழில்திறமை என்று சொல்லத்தக்கது கற்றுக்கொடுக்கும் தகுதி ஒன்றுதான். குரல்வளம், கூட்டம் சேர்க்கும் ஆற்றல், தரிசனம் காண்பது எதுவுமே இல்லை.

இரண்டு வரிகளை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று, "நூதன சீஷனாயிருக்கக்கூடாது" என்பது. விசுவாசத்துக்கு வந்து கொஞ்ச நாளே ஆனவரை மேலே ஏற்றாதே என்று பொருள். ஏற்றினால் அவனுக்கே கெடுதல், இறுமாப்படைவான் என்று காரணமும் சொல்கிறார். பிரபலமான ஒருவர் ஞானஸ்நானம் எடுத்த அடுத்த மாதமே அவரைச் சாட்சி சொல்ல ஊர் ஊராக அழைத்துப் போகிற நம் பழக்கத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, புறம்பானவர்களிடம் நற்சாட்சி. புறம்பானவர்கள் என்றால் சபைக்கு வெளியே இருப்பவர்கள். செவ்வாப்பேட்டை மளிகைக்கடைக்காரர், வீட்டு உரிமையாளர், எதிர்வீட்டுக் குடும்பம். இவர்களிடம் கடன் பாக்கி வைத்துவிட்டு, ஒலிபெருக்கியைக் காலை ஐந்து மணிக்குப் போட்டுவிட்டு, "உலகம் நம்மைப் பகைக்கிறது" என்று பிரசங்கம் செய்ய முடியாது. எல்லா எதிர்ப்பும் சிலுவை ஆகிவிடாது.

சுருக்கமாக: வேதம் ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது குணத்தைப் பார்த்து. அந்தக் குணத்துக்குச் சாட்சி அவர் வீட்டிலும் தெருவிலும் இருக்கிறது.

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே"

கணக்கு ஒப்புவித்தல் என்பது, நான் செய்ததற்கு விளக்கம் கேட்கும் உரிமை பிறருக்கு உண்டு என்று ஏற்றுக்கொள்வது. உண்மையுள்ள தலைமையின் இயந்திரமே இதுதான் என்பேன். மற்ற குணங்கள் எல்லாம் இருக்கின்றனவா இல்லையா என்று வெளியே தெரியவருவது இதன் வழியாகத்தான்.

நம் சபைகளில் இதற்குக் குறுக்கே நிற்கும் வசனம் ஒன்று உண்டு. யாராவது பாஸ்டரிடம் கேள்வி கேட்டால், "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே என்று எழுதியிருக்கிறது, சாபம் வரும்" என்று வாயை அடைத்துவிடுவார்கள். அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்றால் கடவுள் தம் வேலைக்கென்று பிரித்தெடுத்தவர். வசனம் சங்கீதம் 105:15. அந்தச் சங்கீதத்தை முன்னும் பின்னும் வாசித்தால் அது யாரைப் பற்றியது என்பது தெரியும். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோர் சொந்த நிலம் இல்லாமல், கொஞ்சம் பேராக, பரதேசிகளாக அலைந்த காலம். அவர்களைக் கொன்றுவிடக்கூடிய பலம் படைத்த ராஜாக்களைப் பார்த்துக் கடவுள் சொன்னது அது. பலவீனரைப் பலவான்களிடமிருந்து காக்கச் சொன்ன வசனத்தை, மைக் பிடித்திருக்கிறவரைக் கேள்வி கேட்கிற விதவையிடமிருந்து காக்கப் பயன்படுத்துகிறோம்.

இன்னும் ஒரு படி போகலாம். அந்த ராஜாக்களில் ஒருவன் அபிமெலேக்கு. ஆபிரகாம் தன் மனைவியைச் சகோதரி என்று சொல்லி அவனை ஏமாற்றிய கதை ஆதியாகமம் 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கடவுள் ஆபிரகாமைக் காப்பாற்றுகிறார், உண்மை. ஆனால் அபிமெலேக்கு ஆபிரகாமைக் கூப்பிட்டு, எங்களுக்கு ஏன் இப்படிச் செய்தாய் என்று நேருக்கு நேர் கேட்கிறான். ஆபிரகாம் பதில் சொல்கிறார். சாபம் எதுவும் வரவில்லை. தாவீதும் அப்படித்தான். தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுல் அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்பதால் அவர் மேல் கை போட மாட்டேன் என்று விட்டுவிட்டான். ஆனால் குகையை விட்டு வெளியே வந்து, சவுலின் ஆட்கள் காதுபட, எனக்கு எதிராகச் சொல்கிறவர்களின் பேச்சை ஏன் கேட்கிறீர் என்று சத்தமாகக் கேட்டான். தொடாமல் இருப்பதும் கேட்காமல் இருப்பதும் ஒன்றல்ல.

அதே தாவீது ராஜாவானபின் தப்பு செய்தபோது நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேரே, "நீயே அந்த மனுஷன்" என்றான். அந்தியோகியாவில் பேதுரு தடுமாறியபோது பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கேட்டார். பவுல் சொன்னதையே பெரோயா ஊர்க்காரர்கள் வேதவாக்கியத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். அதற்காக அவர்கள் திட்டு வாங்கவில்லை, நற்குணசாலிகள் என்று பெயர் வாங்கினார்கள்.

எதற்கெடுத்தாலும் குற்றம் சொல்கிறவர்களிடமிருந்து தலைவருக்கும் பாதுகாப்பு உண்டு. மூப்பருக்கு எதிரான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதே என்று 1 தீமோத்தேயு 5 சொல்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவு சாட்சி ஆகாது. ஆனால் அடுத்த வசனத்தையும் படிக்க வேண்டும்: குற்றம் நிரூபணமானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள். முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்களிடம் இரண்டாம் பாதியைக் காட்டுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் "சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்குவோம்" என்பதற்கு இடமே கிடையாது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால், காவல் துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி கட்டாயம். தெரிவிக்காமல் மறைப்பதே தண்டனைக்குரியது. சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பவர் எஜமானின் பிள்ளையை விட்டுவிட்டு எஜமானின் பெயர்ப் பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

காணிக்கைப் பணம்

எருசலேம் ஏழைகளுக்காகப் பல சபைகளில் பணம் சேர்த்தபோது பவுல் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட அனுப்ப ஏற்பாடு செய்தார். யாரும் எங்களைக் குற்றப்படுத்தக்கூடாது, "கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும்" யோக்கியமாக நடக்க விரும்புகிறோம் என்று காரணம் எழுதினார் (2 கொரிந்தியர் 8). "கர்த்தருக்குத் தெரியும்" என்று சொல்லிக் கணக்கு காட்டாதவர்களுக்கு இதைவிட நேரான பதில் இல்லை. பவுலுக்கும் கர்த்தருக்குத் தெரியும் என்று தெரியும். இருந்தும் ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார்.

பழைய சபைகளில் இதற்கு அமைப்பு இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும், சேலம் மறைமாவட்டத்துப் பங்குகளுக்கும் அது பொருந்தும். சி.எஸ்.ஐ. ஆலயங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட கமிட்டி இருக்கிறது. அமைப்பு இருப்பதாலேயே எல்லாம் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. கமிட்டித் தேர்தலில் நடக்கிற கூத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் கமிட்டி தப்பு செய்தால் கேட்பதற்கு ஒரு விதிப்புத்தகமாவது இருக்கிறது. தனிச் சபைகளில் பாஸ்டர், பாஸ்டரம்மா, மகன், மருமகன் ஆகியோரே டிரஸ்ட் உறுப்பினர்களாக இருக்கும்போது கேட்பதற்கு ஆளே இல்லை. அந்தக் குடும்பம் நேர்மையானதாகவே இருக்கலாம். அப்படியென்றால் வெளியாள் இரண்டு பேரைச் சேர்த்து வருடாவருடம் கணக்கை வாசித்துவிட்டால், அந்த நேர்மைக்குச் சாட்சியும் கிடைக்கும்.

வாரிசுப் பிரச்சினையும் இதிலிருந்து வருவதுதான். சாமுவேல் தீர்க்கதரிசி நேர்மைக்குப் பெயர் போனவர். நான் யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன் என்று ஜனங்கள் முன்னால் நின்று கேட்கக்கூடிய அளவுக்குக் கை சுத்தம். அவரே வயதான காலத்தில் தன் மகன்களை நியாயாதிபதிகளாக வைத்தார். அவர்கள் லஞ்சம் வாங்கினார்கள். மோசே தனக்குப் பின் கை வைத்தது யோசுவாவின் மேல், மகன்கள் மேல் அல்ல. பாஸ்டர் மகன் பாஸ்டர் ஆகக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கு வைக்கிற அளவுகோலையே அவனுக்கும் வைத்தார்களா என்று பார்த்தால் போதும்.

சாந்தம் என்றால் தலையாட்டுவதா?

பணிவிடை செய்கிற தலைவர் என்றதும், யார் என்ன சொன்னாலும் சரி சரி என்கிறவர் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். எசேக்கியேல் 34இல் கடவுள் மேய்ப்பர்கள் மேல் கோபப்படுவதற்குக் காரணங்கள் இரண்டு. கொழுத்ததை அடித்துத் தின்றார்கள் என்பது ஒன்று. பலவீனமானதைத் தேற்றவில்லை, காணாமல் போனதைத் தேடவில்லை என்பது இன்னொன்று. செய்ததற்கு மட்டுமல்ல, செய்யாமல் விட்டதற்கும் கணக்கு உண்டு. மிலேத்துவில் எபேசு மூப்பர்களிடம் விடைபெறும்போது பவுல், உங்களுக்குப் பிரயோஜனமான எதையும் மறைத்துவைக்கவில்லை என்கிறார். பெரிய காணிக்கை கொடுக்கிற குடும்பத்தின் சாதிப் பெருமையைப் பற்றி ஒரு ஞாயிறுகூட வாய் திறக்காதவர் சாந்தமானவர் இல்லை, கணக்குப் போடுகிறவர்.

அதே சமயம், கடிந்துகொள்கிறவர் பக்கத்தில் உட்காரக்கூடியவராகவும் இருக்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். வெள்ளைக்கார மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்னார். கடைசியில், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். உடைமையையும் உயிரையும் கொடுத்தவர்களால் சமமாக உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை என்பதைத்தான் அவர் மரியாதையாகச் சொன்னார். அரங்கில் இருந்தவர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவரே தோரணக்கல்லில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

பலன் தெரியத் தாமதமாவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். லண்டன் மிஷன் சார்பில் ஹென்றி கிரிஸ்ப் சேலத்துக்கு வந்தது 1827இல். இன்று சேலம் ஆலயங்களில் கிறிஸ்துமஸ் இரவு நிற்க இடமில்லாத கூட்டத்தை அவர் பார்க்கவில்லை. நான் நட்டேன், அப்பொல்லோ நீர் பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார் என்று பவுல் எழுதியது இப்படிப்பட்டவர்களுக்குத்தான் ஆறுதல். நட்ட ஆண்டிலேயே அறுத்துக் காட்டு என்று ஊழியரை நெருக்குகிற சபைகளுக்கு இதே வசனம் எச்சரிக்கை.

முகாமுக்குப் பொறுப்பாளர் நீங்கள் என்றால்

மே மாதம் வந்தால் சேலத்திலிருந்து வாலிபர் முகாம் என்று பஸ் பஸ்ஸாக ஏற்காட்டுக்கு ஏறுகிறார்கள். பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர்தான் பொறுப்பாளர். இதுவரை சொன்னதெல்லாம் பாஸ்டருக்கு என்று நினைத்து வாசித்திருந்தால், இப்போது உங்களுக்கு.

பணத்தை இரண்டு பேர் எண்ணி இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள், ஐம்பது பிள்ளைகளின் கட்டணமாக இருந்தாலும். சாப்பாட்டு வரிசையில் கடைசியில் நில்லுங்கள். பெரிதாக ஒன்றுமில்லை, குழம்பு தீர்ந்துபோனால் முதலில் தெரியவேண்டியது உங்களுக்கு. எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக ஜெபிக்காதீர்கள், மற்ற தலைவர்களையும் அனுமதிக்காதீர்கள். வராண்டாவில் உட்கார்ந்து ஜெபித்தாலும் கேட்கப்படும். ஜெப நேரத்தில் ஒரு பெண் உங்களிடம் சொன்ன வீட்டுக் கஷ்டத்தை மறுநாள் பிரசங்கத்தில் உதாரணமாக்காதீர்கள், பெயர் சொல்லாவிட்டாலும். அவள் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் மட்டும் ரகசியம் காக்காமல் பெரியவர்களிடம் உடனே கொண்டுபோங்கள்.

தூங்குங்கள். மூன்று இரவு விழித்து நான்காம் நாள் எல்லார் மேலும் எரிந்து விழுவது பக்தி இல்லை. சோர்ந்துபோன எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும்தான், புத்திமதி பிறகு வந்தது.

முகாமுக்குப் போகுமுன் ஒருவரைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களைவிட வயதில் பெரியவர், உங்கள் புகழ்ச்சி தேவைப்படாதவர், உங்களிடம் "தம்பி, நீ பண்ணினது சரியில்ல" என்று சொல்லத் தயங்காதவர். திரும்பி வந்த வாரத்திலேயே கணக்கு நோட்டோடு அவரைப் போய்ப் பாருங்கள். மீதிப் பணம் எவ்வளவு, யார் கோபித்துக்கொண்டு பாதியில் கிளம்பினார்கள், ஏன் என்ற மூன்றையும் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.